ஒரு கேபி ஃபைலும் நாற்பத்தொரு பேரும்

கவியா அந்த ஃபைலை அழித்தது திங்கட்கிழமை காலையில். அது ஒரே ஒரு கேபி அளவுள்ள ஃபைல். கம்ப்யூட்டரில் இடமே இல்லை என்று நாலு நாளாகச் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. சாமைக்கதிர்ப் படங்களை போனிலிருந்து ஏற்றப் பார்த்தால் பாதியில் நின்றுவிடும். அவளுக்கு முன் அந்த வேலையில் இருந்த சுபாஷ் பதினாறு சினிமாப் படங்களை அதில் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தான். அவற்றை அழித்தாள். போதும் என்று அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்வது எப்படி என்று போனில் ஒருவர் வீடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னபடி, சாதாரணமாகக் கண்ணில் படாத ஒரு ஃபோல்டரைத் திறந்து, அதற்குள் இருந்ததில் தனக்குப் புரியாததை எல்லாம் குப்பைக்கு அனுப்பினாள். பிறகு குப்பையையும் காலி செய்தாள்.

அதன் பிறகு மெயிலைத் திறந்தபோது, "வருக! புதிய கணக்கைத் தொடங்கலாமா?" என்று கேட்டது.

நேற்றுவரை அந்தத் திரையின் இடது பக்கத்தில் வரிசையாகக் கடிதங்கள் இருந்தன. இப்போது வெள்ளையாக ஒரு பெட்டியும், பெயரைக் கேட்கும் கட்டமும்தான் இருந்தன.

வெள்ளிமலையில் உள்ள அந்த உழவர் கம்பெனியில் அவள் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கல்வராயன் மலை ஊர்களில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவிக்கிற இருநூற்றுச் சொச்சம் குடும்பங்கள் சேர்ந்து நடத்துகிற கம்பெனி. ஆபீஸ் என்பது ஓர் அறை. ஒரு எடைமெஷின், ஒரு பிரிண்டர், மேலே அடுக்கிய சாக்குகள், கீழே ஒரு கம்ப்யூட்டர். கள்ளக்குறிச்சி காலேஜில் பி.காம். படித்துவிட்டு மலைக்கே திரும்பி வந்து வேலை கிடைத்தது என்பதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை உண்டு. அவள் அப்பா மாயவனுக்கு அதைவிடப் பெருமை.

அந்தக் கடிதங்களில் ஐந்து மாத உழைப்பு இருந்தது. மலையில் பாறை இடுக்குகளில் விதைக்கிற ஒரு சாமை உண்டு. மழை தவறினாலும் கதிர் பிடிக்கும். ஊரில் அதைப் பாறைச்சாமை என்பார்கள். அந்த ரகத்தை, விதையைக் காத்து வந்த பெண்களின் பெயரிலேயே பதிவு செய்ய வேண்டும் என்று கம்பெனி விண்ணப்பம் போட்டிருந்தது. நாற்பத்தொரு பெண்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். படம், ஊர், எத்தனை வருடமாக விதை வைத்திருக்கிறார் என்ற விவரம், கையெழுத்து அல்லது கைநாட்டு. அசல் தாள்களைப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பியாகிவிட்டது. ஸ்கேன் செய்த நகல்கள் மெயிலில் மட்டும்தான் இருந்தன.

கவியா யாரிடமும் சொல்லவில்லை. தானே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தாள். மேஜை டிராயரில் இருந்த நோட்டில் பாஸ்வேர்டு எழுதியிருந்தது. அதைப் போட்டுப் புதிதாகக் கணக்குத் தொடங்கினாள். சோதனைக்குத் தனக்கே ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தாள். "அனுப்ப இயலவில்லை" என்று வந்தது. பயத்தில் உடனே மூடிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் சுபாஷுக்கு போன் செய்தாள். அவன் இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். சாப்பாட்டு இடைவேளையில் அவசரமாகப் பேசினான்.

"அத எடுத்துட்டு, புதுசா இறக்கிப் போடு கவியா. எல்லாம் சரியாப் பூடும்."

"பழைய மெயிலுங்க வருமா சுபாஷ்?"

"வரும் வரும். நான் உள்ள போவணும், அப்பால பேசறேன்."

எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். "வருக!" என்று மறுபடியும் வந்தது. இந்த முறை பாஸ்வேர்டை மூன்று தடவை தப்பாக அடித்தாள். பிறகு கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டாள். சாயங்காலம் அப்பா, "இன்னாம்மா, சோறு எறங்கலயா?" என்று கேட்டதற்கு, தலைவலி என்றாள்.

புதன்கிழமை காலை குஞ்சம்மாள் வந்தார். கம்பெனியின் தலைவர் அவர்தான். ஐம்பது வயது இருக்கும். வெள்ளிமலையிலிருந்து ஆறு மைல் உள்ளே தள்ளி இருக்கும் ஊர். அங்கே போன் சிக்னல் கிடையாது. வெள்ளிமலை வந்த பிறகுதான் அவர் போனில் இரண்டு நாள் மெசேஜும் ஒன்றாக வந்து விழும். அன்று விழுந்ததில் ஒன்றைத் திறந்து கவியாவிடம் நீட்டினார்.

"இது இன்னான்னு படி கண்ணு. ஆபீஸு பேரு போட்டுக்கீது."

பதிவு அலுவலகத்தின் செய்தி அது. உங்கள் விண்ணப்பம் தொடர்பான கடிதம் திங்களன்று மின்னஞ்சலில் அனுப்பப்பட்டுள்ளது, வியாழன் மாலை ஐந்து மணிக்குள் பதில் வேண்டும் என்று இருந்தது.

கவியா அதைச் சத்தமாகப் படித்தாள். படித்து முடித்ததும் குஞ்சம்மாள், "அப்ப லெட்டர எடு, பாப்பம்" என்று சொல்லி, முக்காலியை இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

இனி மறைக்க முடியாது. கவியா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அவளுடைய குரல் இரண்டு இடத்தில் உடைந்தது.

குஞ்சம்மாள் போனை மடியில் வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு நாளா இத வெச்சிக்கினா சுத்திக்கினு இருந்த?"

"ஆமா அத்த."

"திங்கக்கிழமையே சொல்லியிருந்தீன்னா நம்ம கையில மூணு நாளு இருந்திருக்கும். இப்ப ஒரு நாளுதான் கீது." அவ்வளவுதான் திட்டு. பிறகு குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். "லெட்டரெல்லாம் எதுல இருந்துச்சு? இந்த டிவி மாதிரி இருக்கறதுலயா, கீழ இருக்கற பொட்டியிலயா?"

"கீழ இருக்கறதுல அத்த."

"அத மட்டும் கழட்டித் தூக்க முடியுமா?"

"முடியும். எதுக்கு?"

"கள்ளக்குறிச்சியில கச்சிராயபாளையம் ரோட்டுல ஒரு பொண்ணு கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்குது. தனுஷான்னு பேரு. நம்ம எடைமெஷின் பில்லு போடாம நின்னப்ப அதுதான் சரி பண்ணிச்சு. நாளைக்கு மொத பஸ்ஸுல போவம்."

"போன்ல கேட்டுப் பாக்கட்டா?"

"போன்ல கேட்டுத்தான் நேத்து இன்னும் கெட்டுப் போச்சு. நேர்ல போவம்."

பதிவு அலுவலகத்தின் எண்ணுக்குக் கவியா அன்று ஏழு முறை முயன்றாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு முதல் பஸ். கவியா பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றித் தூக்கி வந்தாள். குஞ்சம்மாள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். கண்டக்டர் பக்கத்தில் வந்ததும் போர்வையைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"கம்ப்யூட்டரு."

"லக்கேஜு போடணுமே."

"மடியில வெச்சிக்கினு வரேன். மடியில இருக்கற கொழந்தைக்கு லக்கேஜு போடுவியாப்பா?"

முன் சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கண்டக்டரும் சிரித்துவிட்டு, "கொழந்தை நல்லா கனமாத்தான் இருக்குது" என்று சொல்லி நகர்ந்தார்.

ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் குஞ்சம்மாள் பெட்டியை இறுக்கிப் பிடித்தார். கவியா அவருக்கு முட்டுக்கொடுத்துச் சாய்ந்துகொண்டாள். கீழே கோமுகி அணைத் தண்ணீர் வெயிலில் மின்னியது. வழக்கமாக அந்த இடத்தில் அவள் எட்டிப் பார்ப்பாள். அன்று பார்க்கத் தோன்றவில்லை. மடியில் இருப்பது திறக்குமா, உள்ளே ஏதாவது மிச்சம் இருக்குமா என்பதே ஓடிக்கொண்டிருந்தது.

தனுஷாவின் கடை ஒரு உரக்கடைக்கும் ஸ்டூடியோவுக்கும் நடுவில் ஒடுங்கி இருந்தது. அவள் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கி, வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதைத் தாண்டியவள். சங்கராபுரம் பக்கம் கரும்பு போடுகிற குடும்பம். கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தவள்.

"வாங்கம்மா! எடைமெஷின் மறுபடியும் மக்கர் பண்ணுதுங்களா?"

"இல்லம்மா. இந்தத் தடவ பெரிய பொட்டி." குஞ்சம்மாள் போர்வையை அவிழ்த்தார்.

தனுஷா பெட்டியைத் தன் மேஜையில் வைத்து வயர்களை மாட்டினாள். உடனே எதையும் தொடவில்லை. நாற்காலியைக் கவியா பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இன்னா ஆச்சுன்னு மொதல்லருந்து சொல்லும்மா. எதையும் வுடாத. எதையாவது அழிச்சிருந்தாலும் சொல்லு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இங்க வர்றவங்க பாதிப் பேரு, நான் ஒண்ணுமே பண்ணலீங்க, அதுவா கெட்டுப் போச்சுன்னுதான் சொல்லுவாங்க. அத வெச்சிக்கினு நான் தேடித் தேடி அரை நாளு பூடும்."

கவியா இரண்டாவது முறையாக எல்லாவற்றையும் சொன்னாள். இந்த முறை குரல் உடையவில்லை. சினிமாப் படங்கள், வீடியோ, குப்பை, திங்களன்று தொடங்கிய கணக்கு, செவ்வாயன்று எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டது என்று வரிசையாகச் சொன்னாள். தனுஷா ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டாள்.

"மெயிலு வந்ததும் கம்ப்யூட்டருக்கு எறங்கிட்டு, அங்க சர்வர்ல அழிஞ்சிடற மாதிரி வெச்சிருக்காங்களா?"

"ஆமாக்கா. அங்க எடம் கம்மின்னு சுபாஷ் அப்படி வெச்சிருந்தான்."

"அப்ப இதுல இருந்தாத்தான் உண்டு." தனுஷா மவுஸைப் பிடித்து ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனாள். ஒரு இடத்தில் நின்றாள். திரையில் மூன்று ஃபோல்டர்கள் இருந்தன. எழுத்தும் எண்ணும் கலந்து, வாயில் நுழையாத பெயர்கள். முதல் ஃபோல்டர் மீது அம்பை வைத்து அளவைப் பார்த்தாள். இரண்டு ஜிபிக்கு மேல் இருந்தது.

அவள் முகம் மலர்ந்தது.

"ஒண்ணும் போவலம்மா. எல்லாம் இங்கயேதான் இருக்குது."

குஞ்சம்மாள் எழுந்து வந்து திரைக்குள் பார்த்தார். "எங்க?"

"இதாம்மா. இத ஒரு வூடுன்னு வெச்சிக்குங்க. உங்க லெட்டரெல்லாம் இந்த வூட்டுக்குள்ள பத்திரமா இருக்குது. எந்த வூட்டுக்குப் போவணும்னு அட்ரஸ் எழுதின சீட்டு ஒண்ணு வெளிய இருந்துச்சு. இந்தப் பொண்ணு அழிச்சது அந்தச் சீட்டத்தான். சீட்டு இல்லன்னதும் புரோகிராமுக்கு வழி தெரியல. நமக்கு வூடே இல்ல போலன்னு அதுவா புதுசா ஒரு வூடு கட்டிக்கிச்சு. செவ்வாக்கிழமை இன்னொண்ணு கட்டிக்கிச்சு. அதான் மூணு."

"அவ்ளோதானா?" என்றாள் கவியா. அவளுக்கு நம்ப முடியவில்லை. மூன்று நாளாக அவளைத் தூங்கவிடாமல் செய்தது ஒரு சீட்டா?

"அவ்ளோதான். ஒரு கேபி. நீயே எழுது, நான் சொல்றேன். அப்பால உரக்கடை அண்ணனுக்கு ஒரு பில்லு போட்டுக் குடுத்துட்டு வந்துடறேன்."

புரோகிராம் தானாக எழுதி வைத்திருந்த புதுச் சீட்டையும் அதன் கூட இருந்த இன்னொரு சின்ன ஃபைலையும் தனுஷா தனியாக ஒதுக்கி வைத்தாள். அழிக்கவில்லை, வேறு ஃபோல்டருக்கு மாற்றினாள். "எதையும் அழிக்காத, ஒதுக்கி மட்டும் வை. தப்பாப் போனா திரும்ப எடுத்துக்கலாம்" என்றாள். பிறகு ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்தாள்; ஏழெட்டு வரிகளை அவள் சொல்லச் சொல்லக் கவியா அடித்தாள். எந்த வீடு என்று சொல்லும் வரி வந்தபோது, அந்த வாயில் நுழையாத பெயரை ஓர் எழுத்தும் பிசகாமல் அடிக்க வேண்டியிருந்தது. தனுஷா பில் போட எழுந்து போனதும் கவியா அதை இரண்டு முறை சரிபார்த்துச் சேமித்தாள்.

மெயிலைத் திறந்தாள்.

"வருக! புதிய கணக்கைத் தொடங்கலாமா?"

தனுஷா கதவருகில் உரக்கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். "இன்னாது? மறுபடியுமா?" வந்து ஃபோல்டரைத் திறந்தால், நான்காவதாக ஒரு புது வீடு முளைத்திருந்தது. அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "எழுதினதெல்லாம் சரியாத்தானே இருக்குது..."

குஞ்சம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே முக்கால்.

கவியா மட்டும் கண்ணெடுக்காமல் அந்த ஃபைல்களின் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் எழுதிய சீட்டு அங்கேதான் இருந்தது. பெயரும் அதேதான். ஆனால் ஏதோ உறுத்தியது.

"அக்கா, நான் அன்னிக்கி அழிச்ச ஃபைலுக்குப் படம் வேற மாதிரி இருந்துச்சு."

"எப்டி?"

"தாள் மேல ஒரு சின்ன பல்சக்கரம் இருந்துச்சு. இன்னாடா இது, மெஷின் படம் போட்டுக்கீதேன்னு பாத்துட்டுத்தான் அழிச்சேன். இதுல வெறும் கோடு கோடாத்தான் இருக்குது."

தனுஷா ஒரு நொடி திரையை உற்றுப் பார்த்தாள். பிறகு தன் தலையிலேயே லேசாகத் தட்டிக்கொண்டாள்.

"அட! பேருக்குப் பின்னால இன்னொரு வாலு ஒட்டிக்கிச்சு. நாம டைப் பண்ற பக்கம் சேவ் பண்ணும்போது தானா ஒரு வால ஒட்டி வுட்டுடும். அது கண்ணுல தெரியாம மறைஞ்சிருக்கும். பத்து வருஷமா இத மத்தவங்களுக்குச் சொல்லிக்கினு இருக்கறவ நானு, என் கடையிலயே நடந்துடுச்சு பாரு!" சிரித்தபடி மறைந்திருந்த வாலைக் காட்டும்படி மாற்றினாள். உண்மையிலேயே இருந்தது. அதை வெட்டிவிட்டதும், கோடு போட்ட தாள் மாறி, பல்சக்கரம் வந்து உட்கார்ந்தது.

"இதான்! இதேதான் அக்கா!" கவியா அடுத்த கடைக்குக் கேட்கும்படி சத்தம் போட்டுவிட்டாள்.

நடுவில் புரோகிராம் எழுதிக்கொண்ட சீட்டையும் ஒதுக்கிவிட்டு மெயிலைத் திறந்தார்கள். இடது பக்கத்தில் கடிதங்கள் மளமளவென்று வந்து இறங்கின. ஆடி மாதத்தில் வந்தது, ஆவணியில் வந்தது, சேலம் வியாபாரியின் கடிதம், சின்னசேலத்திலிருந்து சாக்கு அனுப்பியவரின் ரசீது. கவியா ஒன்றைத் திறந்தாள். விதை காத்த பெண்களில் ஒருத்தியான வெள்ளச்சி பாறைகளுக்கு நடுவே இடுப்பளவு சாமையில் நின்று, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம வெள்ளச்சி!" குஞ்சம்மாள் திரையைத் தொட்டே பார்த்துவிட்டார். "எங்கடி போய்ட்ட நீ மூணு நாளா?"

மூவரும் சிரித்தார்கள். கவியாவுக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் பதிவு அலுவலகத்தின் கடிதம் அதில் இல்லை. புதிய மெயில்களை இறக்கச் சொன்னால் இரண்டு விளம்பரங்கள் வந்தன. அவ்வளவுதான்.

"திங்கக்கிழமை அனுப்பிட்டதாச் சொன்னாங்களே?" என்றார் குஞ்சம்மாள்.

தனுஷா தான் குறித்து வைத்த துண்டுத் தாளை எடுத்துப் பார்த்தாள். "கவியா, திங்கக்கிழமை பாஸ்வேர்டு போட்டுக் கணக்குத் தொடங்கினேன்னியே, அப்ப அனுப்பறதுதானே ஆவல? வாங்கறது ஆச்சா?"

"தெரியலக்கா. பயத்துல மூடிட்டேன்."

"மூடறதுக்குள்ள அது வாங்கியிருக்கும். வாங்கிட்டு அங்க அழிச்சிருக்கும். அப்ப லெட்டரு ரெண்டாவது வூட்டுல இருக்குது."

இரண்டாவது ஃபோல்டரைத் திறந்து, அதற்குள் இருந்த பெட்டியை அப்படியே நகலெடுத்துப் பழைய வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தாள். 'திங்கள்' என்று அதற்குப் பெயர் கொடுத்தாள். மெயிலை மூடித் திறந்ததும் இடது பக்கத்தில் 'திங்கள்' என்று புதிதாக ஒரு வரி வந்தது. அதில் ஆறு கடிதங்கள். மூன்றாவது, பதிவு அலுவலகத்திலிருந்து.

கவியா மெதுவாகப் படித்துத் தமிழில் சொன்னாள். விண்ணப்பம் ஏற்கப்பட்டது. பாறைச்சாமை என்ற பெயரிலேயே ரகம் பதிவாகும். விதை காத்தவர்களின் பட்டியல் கீழே இணைக்கப்பட்டுள்ளது, சரிபார்த்து உறுதி செய்து அனுப்பவும். திருத்தம் இருந்தால் ஆதாரத்துடன் தெரிவிக்கவும். பதில் வராவிட்டால் இப்பட்டியலே இறுதியானது.

"பேருங்கள படி" என்றார் குஞ்சம்மாள். கண்ணை மூடிக்கொண்டார். கவியா ஒவ்வொரு பெயராகப் படிக்க, அவர் வலது கை விரல்களை மடக்கிக்கொண்டே வந்தார். கவியா முடித்ததும் கண்ணைத் திறந்தார்.

"ஒண்ணு கொறையுது."

"இல்லத்த, கீழயே நாப்பதுன்னு போட்டுக்கீது."

"அதான் சொல்றேன். நாம குடுத்தது நாப்பத்தொண்ணு. பாப்பாத்தி ஒருத்திதான் வந்தா. நம்ம கிட்ட ரெண்டு பாப்பாத்தி."

கவியா மறுபடி பார்த்தாள். உண்மைதான். பட்டியலில் பாப்பாத்தி ஒரு முறைதான் இருந்தது. ஒரே பெயர் இரண்டு முறை வந்துவிட்டது என்று நினைத்து யாரோ ஒன்றை எடுத்திருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே ஊர். ஒருத்தி இருசப்பன் மனைவி. இன்னொருத்தி கல்யாணம் ஆகாதவள், ஓடைக்கு அந்தப் பக்கம் தனி வீடு.

"ஓடைப் பாப்பாத்திதான் வுட்டுப் போயிருப்பா" என்றார் குஞ்சம்மாள். "அப்பன் பேரத்தான் போட்டோம். புருசன் பேரு இல்லன்னா எங்கயும் கணக்குல வுட்டுடறாங்க. மூணு பஞ்சத்துல விதைய வெச்சிருந்து ஊருக்கே குடுத்தவ அவ."

ஆதாரம் வேண்டும் என்று கடிதம் கேட்டது. ஆதாரம் இப்போது கையில் இருந்தது. கவியா ஆவணி மாதக் கடிதங்களுக்குள் போய்த் தேடினாள். இரண்டு தாள்களும் கிடைத்தன. ஒன்றில் இருசப்பன் மனைவியின் கையெழுத்து, சாய்ந்து சாய்ந்து போகும். இன்னொன்றில் நீல மையில் அழுத்தமான கைநாட்டு. இரண்டு முகங்கள், இரண்டு ஆதார் எண்கள். முன்பு இவற்றை ஸ்கேன் செய்தபோது, இந்தக் கைநாட்டு சரியாக விழவில்லை என்று அவளே அந்த அம்மாவை இரண்டாம் முறை வைக்கச் சொல்லியிருந்தாள்.

பதிலைக் கவியாதான் எழுதினாள். அவசரப்படவில்லை. முதல் வரியில் நன்றி. பிறகு, பட்டியலில் ஒருவர் விடுபட்டிருக்கிறார், ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள், இருவரும் தனித்தனியாக விதை காத்தவர்கள், இருவரின் தாள்களும் இணைப்பில் உள்ளன, மொத்தம் நாற்பத்தொரு பேர் என்று தெளிவாக எழுதினாள். தனுஷா ஒரு எழுத்துப்பிழையைக் காட்டினாள். குஞ்சம்மாள் முழுவதையும் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அனுப்பு" என்றார்.

ஒன்றரை மணிக்கு அது போனது. திங்களன்று வந்த மாதிரி எந்தத் தடங்கலும் வரவில்லை. பழைய வீட்டில் அனுப்புவதற்கான ஏற்பாடு எல்லாம் சரியாகவே இருந்தது.

கடை முழுவதும் நிம்மதியாகிவிட்ட மாதிரி இருந்தது. தனுஷா எதிர்க் கடையிலிருந்து மூன்று டீயும் மெதுவடையும் சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டே, மொத்தக் கடிதங்களையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்தாள். இனி மெயில் இறங்கினாலும் ஒரு மாதத்துக்கு அங்கேயும் ஒரு நகல் இருக்கும்படி மாற்றினாள்.

"இந்த பென் டிரைவ் ஆபீஸ்ல வெக்காதீங்கம்மா. உங்க வூட்டுல வைங்க. வேற வேற எடத்துல இருக்கணும்."

"வெதைய நாலு வூட்டுல பிரிச்சு வெக்கற மாதிரியே சொல்றியே" என்றார் குஞ்சம்மாள். பென் டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டார்.

கிளம்பும்போது தனுஷா கவியாவிடம், "அந்தப் பல்சக்கரத்த நீ கவனிச்சிருக்கலன்னா இன்னும் ஒரு மணி நேரம் நான் முட்டிக்கினு இருந்திருப்பேன்" என்றாள். "எப்பனா கள்ளக்குறிச்சி பக்கம் வந்தா கடைக்கு வா. கத்துக்கறதுன்னா கத்துக்கலாம், சும்மா பேசறதுன்னாலும் பேசலாம்."

"வரேங்கக்கா" என்றாள் கவியா. சொல்லும்போதே, நிச்சயம் வருவோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் பெட்டியைக் கவியா மடியில் வைத்துக்கொண்டாள். கச்சிராயபாளையம் தாண்டியதும் குஞ்சம்மாள் தூங்கிவிட்டார். மலை ஏற ஏற ஜன்னல் வழியே குளிர்காற்று வந்தது. வெள்ளிமலைக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் ஒரு அம்மா கீரைக்கட்டோடு ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கவியாவுக்கு முகம் உடனே பிடிபட்டது. இத்தனை நேரம் திரையில் பார்த்துக்கொண்டிருந்த முகம். ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பாப்பாத்தி.

குஞ்சம்மாளைத் தட்டி எழுப்பினாள். அவர் கண்ணைக் கசக்கிப் பார்த்துவிட்டு, "அடி பாப்பாத்தி, வா இப்டி" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். "காலையில இருந்து உன்னத்தான் தேடிக்கினு இருந்தோம்."

"என்னியா? எதுக்கு? நான் கீரை பறிச்சிக்கினு இங்கதான இருக்கறேன்?"

"ஆபீஸு காயிதத்துல நீ காணாமப் பூட்ட. ரெண்டு பாப்பாத்தியும் ஒரே பாப்பாத்தின்னு நெனச்சிக்கினாங்க."

பாப்பாத்தி கொஞ்சம் யோசித்தார். "அவளும் நானும் ஒண்ணா? அவ செவப்பு, நான் கருப்பு. பாத்தாத் தெரியலயா?" என்று கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அப்பால? கெடைச்சிட்டேனா?" என்றார்.

"கெடைச்சிட்ட. இந்தப் பொண்ணுதான் எழுதி அனுப்பிச்சுது."

பாப்பாத்தி கவியாவைத் திரும்பிப் பார்த்தார். கீரைக்கட்டிலிருந்து ஒரு பிடி உருவி அவள் மடியில், போர்வைக்கு மேலே வைத்தார்.

அன்று ராத்திரி கவியா அந்தக் கீரையைக் கடைந்து சோற்றோடு இரண்டு முறை போட்டுக்கொண்டாள். நடந்ததை எல்லாம் அப்பாவிடம் சொன்னாள். அழித்ததையும் சேர்த்தே சொன்னாள். மாயவன் கேட்டுவிட்டு, "அதுக்குத்தான் தலவலின்னு சொன்னியா?" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஆபீஸைத் திறந்து, பெட்டியை மேஜைக்கு அடியில் வைத்து வயர்களை மாட்டினாள். மெயிலைத் திறந்தாள். எல்லாம் இருந்தன. மேலே புதிதாக ஒன்று வந்திருந்தது. திருத்தம் ஏற்கப்பட்டது, பட்டியலில் நாற்பத்தொரு பேர் என்று இரண்டே வரி.

அதை இரண்டு தாள் பிரிண்ட் எடுத்தாள். ஒன்றை ஃபைலில் வைத்தாள். இன்னொன்றை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, குஞ்சம்மாளின் ஊர்ப் பக்கம் போகிற ஜீப்பைப் பிடிக்க வெளியே ஓடினாள்.